முதல் வரியில் உன் பெயர்

மச்சான்,

இன்று காலை பிரிஞ்சாங் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கியா பார்மிலிருந்து இறங்கி வந்த காய்கறி லோரி ஒன்று நெரிசலில் மாட்டி என் எதிரிலேயே நின்றுவிட்டது. பின்னால் முழுக்க முட்டைகோஸ். பச்சை இலையும் ஈர மண்ணும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எட்டி எட்டிப் பார்த்து லோரிக்குள் உன்னைத் தேடினேன். நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உன் பாடையைத் தூக்கியவன் நான். அப்படியும் தேடினேன். பக்கத்தில் நின்ற சீனத்து அம்மா, "அங்கிள், ஓகேயா?" என்று கேட்டாள். ஓகே என்று சொல்லிவிட்டேன். வாய் கூசாமல் பொய் சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அது உனக்குத் தெரிந்ததுதானே.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. இருந்தபோது எழுத வேண்டிய தேவையே இல்லை. ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் குடியிருப்பில், அடுத்தடுத்த வீடு, ஒரே பள்ளிக்கூடம், பிறகு என் தங்கை சரோஜாவையே கட்டிக்கொண்டாய். நீ தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து வாட்டப் போனாய், நான் நில அலுவலகத்தில் குமாஸ்தாவானேன். வேலை உத்தரவோடு லயத்துக்கு வந்த அன்று நீ வாசலில் நின்று, "வாங்க கிராணியாரே, எங்களுக்கெல்லாம் பேசுவீங்களா, இல்ல துரைகூட மட்டும்தானா?" என்று குனிந்து சலாம் போட்டாய். லயமே சிரித்தது. அன்றிலிருந்து, தோட்டத்துக் குமாஸ்தாவைக் கூப்பிடுவதுபோல, எனக்குக் கிராணி என்ற பெயர்தான் நிலைத்தது.

பெயருக்குத் தகுந்த வேலையையும் நீதான் என் தலையில் கட்டினாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுக் கட்டையில் என்னை உட்கார வைப்பாய். அந்த வாரம் லயத்துக்கு வந்த அரசாங்கக் கடிதமெல்லாம் என் மடிக்கு வரும். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிக்கூட உதவி, ஆஸ்பத்திரிப் படிவம், நம் வாயில் பாரம். எல்லாம் ஆபீசு மலாயில் இருக்கும். நம் ஆட்கள் கடையில் பேசும் மலாய் அதற்கு எடுபடாது. நான் படித்து இரண்டு வரியில் தமிழில் சொல்வேன், விரலால் இடத்தைக் காட்டுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அதிலும் ஒரு வழக்கம் இருந்தது. கோயில் தலைவர் நீ. நீ போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடுவார்கள். "தலைவரு போட்டுட்டாரா? அப்போ குடு" என்பாள் மாரியாயி அக்கா, காகிதத்தைப் பார்க்காமலே. எத்தனையோ வருடம் அப்படி நடந்தது. ஒருவருக்கும் ஒரு தீங்கும் வந்ததில்லை.

அந்தத் திட்டத்தைப் பற்றி முதலில் என்னிடம் சொன்னதே நீதான். அப்போது நீ தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாய். பிள்ளைகள் யாரும் தோட்டத்து வேலையில் இல்லாததால் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ரிங்லெட் டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்திருந்தீர்கள்; ஞாயிறு பூசைக்கு மட்டும் லயத்துக் கோயிலுக்குத் தவறாமல் வருவாய். சேமநிதி முழுவதும் மகள் கல்யாணத்திலும் சரோஜாவின் ஆபரேஷனிலும் கரைந்துவிட்டது. விடிகாலையில் லோரி ஏறி கியா பார்முக்குப் போய், கொட்டகையில் முட்டைகோஸ் தரம் பிரிக்கும் வேலை உனக்கு. குளிரில் விரல்கள் வெடித்திருக்கும். ஒரு நாள் தமிழ்ப் பேப்பரை மடித்துக் கொண்டுவந்து, "மச்சான், தோட்டத்துல வேல செஞ்ச கெழடு கட்டைக்கெல்லாம் மாசா மாசம் பென்சன் தரப் போறானாம் லா. நெசமா?" என்று கேட்டாய். நிஜம்தான், பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். "வந்துச்சுன்னா மறுநாளே லோரிய விட்டுருவேன். சரோஜாவக் கூட்டிக்கிட்டு ஒரு தடவ ஊரு சுத்திப் பாக்கணும்" என்றாய். எந்த ஊர் என்று கேட்டேன். "ஈப்போதான். வேற எங்க, லண்டனுக்கா?" என்று சிரித்தாய்.

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தத் திட்டத்தின் மறுபாதி எனக்குத் தெரியும். அரசாங்க வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, அரசியல்வாதிகள் இரண்டு மூன்று பதவிக்கு இரண்டு மூன்று ஓய்வூதியம் வாங்குவது நிறுத்தப்படும், தோட்ட முதலாளிகள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பங்கு கட்ட வேண்டும். இவை மூன்றும் சேர்ந்துதான் உன் மாதப்பணம் வர வேண்டும். மூன்று பேருக்கும் வலித்தது. மூன்று பேரும் சத்தம் போடத் தெரிந்தவர்கள். அரசாங்க ஊழியர்களான எங்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு வா, வயதானால் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தானே எங்களை எடுத்தார்கள்? கொடுத்த வாக்கை மாற்றக்கூடாது என்று நாங்கள் கேட்டது தப்பா? இதைத்தான் அன்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

நானும் அப்போது ஓய்வு பெற்று, அரசாங்க ஓய்வூதியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளராக இருந்தேன். சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, என் ஓய்வூதியத்தையும் வெட்டப் போகிறார்கள், என் மருத்துவ அட்டையும் போகும் என்றார். என் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. அந்த அட்டையை வைத்துத்தான் அவளுக்கு வைத்தியம். ஊருக்கெல்லாம் படித்துச் சொன்ன நான் திட்ட அறிக்கையை வாங்கி ஒரு தடவை படித்திருக்க வேண்டாமா? படிக்கவில்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களை அது தொடவே இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தலைவர் சொன்னார், நான் நம்பினேன். மாரியாயி அக்காவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவளாவது படிக்காதவள்.

"நம்ம மட்டும் மனு குடுத்தா சுயநலம்னு சொல்லிருவான். தோட்டத்து ஆளுங்களே வேணாம்னு கையெழுத்துப் போட்டாங்கன்னு வையி, எவனும் வாய் தொறக்க மாட்டான். ஒய்பியும் அதத்தான் சொன்னாரு" என்றார் தலைவர். ஒய்பி என்றால் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்கு எத்தனை ஓய்வூதியம் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். மழை விட்டு வெயில் வந்திருந்தது. பொங்கல் பிரசாதம் கையில் ஒட்டியதைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தாய். நான் கட்டையில் பாரத்தை விரித்தேன். "என்னா மச்சான், இவ்ளோ பெரிய லிஸ்டு?" என்றாய். "பென்சனக் காப்பாத்தறதுக்கு" என்றேன். அது பொய்யில்லை பார். யாருடைய ஓய்வூதியம் என்று மட்டும் சொல்லவில்லை. நீ மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாய். காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாய், கண்ணைச் சுருக்கினாய், பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்.

"நம்மளுக்கும் சேத்துத்தான, மச்சான்?"

"எல்லாருக்கும்தான் லா. போடு."

அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரம். நீ முதல் வரியில் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். உனக்கு அடுத்து சரோஜா. அதற்கடுத்து மாரியாயி அக்காவின் பெருவிரல். வரிசை கோயில் வாசல்வரை போயிற்று. நான் குனிந்த தலை நிமிராமல் இடம் காட்டிக்கொண்டே இருந்தேன். யாரோ எனக்குப் பாலில்லாத தேநீர், தே ஓ, கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் குடித்தேன், வெட்கங்கெட்டவன்.

மனு போயிற்று. தோட்டத் தொழிலாளர்களே எதிர்ப்பு என்று பேப்பரில் படத்தோடு வந்தது. ஒய்பி நடுவில் நிற்கிறார், அவர் கையில் மனு, அவருக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். அவர் நாடாளுமன்றத்தில் எழுந்து, யாருக்காகத் திட்டமோ அவர்களே வேண்டாம் என்கிறார்கள் என்று பேசினாராம். திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். முதலாளிகள் சங்கம் நன்றி தெரிவித்தது. எங்கள் தலைவருக்கு ஏதோ ஒரு வாரியத்தில் பதவி கிடைத்தது. எனக்கு ஒரு பொன்னாடை.

அந்தப் பேப்பர் வந்த வாரம் நீ என் வீட்டுக்கு வந்தாய். கையில் வழக்கம்போல முட்டைகோஸ் பை. சட்டைப் பையில் மடித்த பேப்பர் நீட்டிக்கொண்டிருந்தது. நீ கத்துவாய், நாலு அறை அறைவாய் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் மச்சான். நீ பையை அடுப்படியில் வைத்துவிட்டு, என் மனைவியிடம் உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு, செருப்பை மாட்டும்போது மட்டும் மெதுவாகச் சொன்னாய்.

"சரோஜாகிட்ட சொல்லல. லயத்துலயும் சொல்ல மாட்டேன். ஒன்ன விட்டா அதுங்களுக்குக் கடுதாசி படிக்க வேற யாரு இருக்கா?"

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்தாய், நான் நீட்டிய பாரங்களில் முதல் கையெழுத்துப் போட்டாய். ஆனால் மூக்குக்கண்ணாடியை ஒரு நாளும் மறந்து வரவில்லை. ஒவ்வொரு பாரத்தையும் வரி வரியாகப் பார்த்தாய். நான் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தேன். ஐந்து வருடம் மச்சான். தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல ஐந்து வருடம் இருந்தது. நாளைக்கு, அடுத்த வாரம், தீபாவளி முடியட்டும் என்று தள்ளினேன். ஒரு காலையில் கொட்டகையில் கூடையைத் தூக்கி நிமிர்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. எழுபது வயதில் கூடை தூக்க வேண்டிய விதி உனக்கில்லை. அதை எழுதியவன் நான்.

இப்போது கேள். இரண்டு மாதத்துக்கு முன் அந்தத் திட்டம் மறுபடி உயிர் பெற்றது. மக்களிடம் கருத்துக் கேட்க அரசாங்கக் குழு ஒன்று நம் மலைக்கு வருகிறது என்றார்கள். எங்கள் தலைவர் போன் செய்தார். "அலைய வேணாம் செயலாளரே. பழைய லிஸ்டே இருக்கு, அதையே குடுத்துருவோம்."

"அதுல பாதிப் பேரு செத்துட்டாங்க தலைவரே."

"நல்லதாப் போச்சு. செத்தவன் வந்து மறுக்கவா போறான்?"

போனை வைத்துவிட்டேன். உன்னைக் கொன்றதோடு விடாமல், செத்த உன்னைத் தூக்கி நிறுத்தி, மாரியாயி அக்காவின் சோற்றில் மண்ணைப் போட வைக்கப் போகிறார்கள். அந்தக் கிழவி இன்னும் காண்டிராக்டில் களை பிடுங்குகிறாள், மச்சான். முதுகு வளைந்து தலை முழங்காலைத் தொடுகிறது.

கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு பாரம் நானே தட்டெழுதிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். கோயில் கட்டையில் விரித்ததும் மாரியாயி அக்கா விரலை நீட்டிவிட்டாள். "எங்க வைக்கணும் கிராணி?" என்ன காகிதம் என்று கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. எனக்கு வெறி பிடித்துவிட்டது. "கேளுங்க! என்னா ஏதுன்னு கேட்டுத் தொலைங்க! நான் ஒங்களப் பாழாக்குனவன்!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய், "தலைவரு போனதுலருந்து கிராணிக்கு மனசு சரியில்ல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பாரத்தை மடித்துக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போய் சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். அழவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லல."

பிறகு என் பாரத்தை என்னிடமே தள்ளிவிட்டாள். "இதுல நான் போட மாட்டேன்ணே. நீ குடுக்குற காயிதத்துல இனிமே கை வைக்க மாட்டேன். நானே வந்து அவங்ககிட்ட வாயால சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச மலாய் அங்க பத்தாது. நான் தமிழ்ல சொல்லுவேன், நீ மலாய்ல சொல்லு. ஒரு வார்த்த மாத்தக்கூடாது."

போன வாரம் பிரிஞ்சாங் மண்டபத்தில் அந்தக் குழுவின் கூட்டம். வேலை நாள் என்பதால் தோட்டத்து மானேஜர் லீவு தரவில்லை. ஓய்வு பெற்ற ஒன்பது பேரை சரோஜாவே வீடு வீடாகப் போய்ச் சொல்லி, வேன் பிடித்துக் கூட்டிவந்தாள். அவள் சொன்னதும்தான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. வேனில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த மாரியாயி அக்கா மட்டும், ஆனாலும் நீயா கிராணி, நீயா கிராணி என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில், பழைய பட்டியலைக் குழுவிடம் கொடுத்துவிட்டு, சங்கத் தலைவர் முதல் வரிசையில் ஒய்பிக்குப் பக்கத்தில் இருந்தார். சரோஜா ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

"நான் முப்பத்தஞ்சு வருசம் கொழுந்து எடுத்தவ" என்றாள். சொன்னேன். "இந்த லிஸ்டுல என் கையெழுத்து இருக்கு. எங்களுக்கு பென்சன் வேணாம்னு நாங்க போடல. வேணும்னு நெனச்சுப் போட்டோம்." சொன்னேன். "என் வீட்டுக்காரரு, நம்மளுக்கும் சேத்துத்தானான்னு கேட்டாரு. எல்லாருக்கும்தான்னு எங்கண்ணன் சொன்னாரு. பொய் சொன்னாரு. என் வீட்டுக்காரரு கூடை தூக்கியே செத்தாரு." அவள் திரும்பிப் பார்த்தாள். அதையும் சொன்னேன்.

குழுவில் இருந்த மலாய் அம்மா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, அந்த அண்ணன் யார் என்று கேட்டார்.

"சாயா" என்றேன். நான்தான்.

தலைவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஒய்பி பிறகு பேசும்போது, எந்தத் திட்டமானாலும் அவசரப்படாமல் ஆராய வேண்டும் என்று இனிக்க இனிக்கச் சொன்னார். ஆராய்ந்து முடிக்கும்போது மாரியாயி அக்கா இருப்பாளா என்று யார் கேட்பது?

கடைசியில் எங்களை மேசைக்குக் கூப்பிட்டார்கள். பட்டியலைப் பிரித்து, நேரில் வந்த ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்து, அவர்கள் பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டார்கள். சரோஜாவின் பெயர் அடிக்கப்பட்டது. மாரியாயி அக்காவின் விரல் ரேகைமேல் கோடு விழுந்தது. நான் முதல் வரியைக் காட்டி, இதையும் அடியுங்கள் என்றேன். அதிகாரி நல்ல பையன்தான், மரியாதையாகவே சொன்னான். கையெழுத்துப் போட்டவர் நேரில் வந்தால்தான் அடிக்க முடியும். இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் அது அவருடைய முடிவான கருத்தாக இருக்கும் என்றான். ஏமாற்றி வாங்கியவனே எதிரில் நிற்கிறேன், என்னைப் போலீசில் பிடித்துக் கொடு, அவன் பெயரை மட்டும் அடி என்று மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். சரோஜாதான் என் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். வாசலில் கையை விட்டாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

இப்போது அந்தக் காகிதத்தின் முதல் பக்கத்தில், வேலைக்குப் போனதால் கூட்டத்துக்கு வர முடியாதவர்களையும் உன்னைப் போலப் போய்ச் சேர்ந்தவர்களையும் தவிர எல்லார்மேலும் கோடு விழுந்துவிட்டது. எல்லாருக்கும் மேலே நீ நிற்கிறாய், கொட்டை எழுத்தில். தோட்டத்துக் கிழடுகளுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று நீ சொல்கிறாய். அதை வைத்துத்தான் பேசப் போகிறார்கள், எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடினால் அந்த வரி, திறந்தால் அந்த வரி. சாகிறவரைக்கும் அதைச் சுமக்கப் போகிறவன் நான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நீ ஏன் மச்சான் அங்கே நிற்க வேண்டும்?

ஒரே ஒரு தடவை வந்து, அடித்துவிடு என்று சொல்லிவிட்டுப் போ. நீ சொன்னால்தான் கேட்பார்களாம்.